கை வழியே கற்பித்த அன்னை
மரியா மாண்டிசோரி அம்மையார் வாழ்க்கை வரலாறு



சாவடி என்பது வழிப்போக்கர் தங்கி இளைப்பாறிச் செல்லும் இடம். நம் ஊராகிய குமணன்சாவடியின் பெயரிலேயே அச்சொல் அமைந்திருக்கிறது. சில நாள் தங்கிச் செல்லலாம் என்று வந்து, காலத்தின் கோலத்தால் பல ஆண்டுகள் தங்கிவிட்ட பெரியோரும் உலகில் உண்டு. அத்தகைய ஒருவர் நம் ஊரிலிருந்து ஏறத்தாழ இருபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள அடையாற்றுக்கு 1939-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 69. சில மாதங்களில் ஊர் திரும்பிவிடலாம் என்றே எண்ணி வந்தார். ஆனால், திரும்பிச் செல்ல 1946-ஆம் ஆண்டு ஆயிற்று. அவர்தான் மரியா மாண்டிசோரி அம்மையார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நம் வட்டாரத்தில் எந்தத் தெருவில் நடந்தாலும் மாண்டிசோரி என்னும் பெயர்ப் பலகையைக் காணலாம். பெயரை எல்லோரும் அறிவர். ஆனால் அப்பெயருக்குரியவர் யார், அவர் எதற்காகப் பாடுபட்டார் என்பதை அறிந்தவர் சிலரே. தொடக்கப் பள்ளி வகுப்பறைகளில் கரும்பலகையின் பக்கத்திலே ஒளிரும் திரையும் வந்துவிட்ட இந்நாளில், அம்மையாரின் வரலாற்றை நாம் அறிந்துகொள்வது மிகவும் தேவை.

பிறப்பும் இளமையும்

இத்தாலி நாட்டில் அங்கோனா நகருக்கு அருகே கியாரவல்லே என்ற சிற்றூரில், 1870-ஆம் ஆண்டு ஆகஸ்டு 31-ஆம் நாள் மரியா பிறந்தார். தந்தை அலெசாந்திரோ அரசாங்க அலுவலர். தாய் ரெனில்தே நூல்கள் பல கற்றவர். குடும்பம் 1875-இல் உரோமை நகரில் குடியேறியது.

அக்காலத்தில் பெண்கள் உயர்கல்வி கற்பது அரிது. கற்றாலும் ஆசிரியப் பணியோடு நின்றுவிடுவர். சிறுமி மரியாவோ பொறியியல் வல்லுநராக வேண்டும் என்று ஆசை கொண்டு, தம் பதின்மூன்றாம் வயதில் ஆண் பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியில் சேர்ந்தார். பின்னர் அந்த விருப்பம் மருத்துவத்தின் பக்கம் திரும்பியது. தந்தைக்கு இது பிடிக்கவில்லை. தாய் மட்டும் மகளுக்குத் துணை நின்றார்.

உரோமைப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்றபோது அவர் பட்ட இன்னல்கள் பல. ஆண் மாணவரோடு சேர்ந்து ஒரு பெண் பிணப் பரிசோதனை செய்வது தகாது என்று கருதினர். எனவே மற்றவர் வீடு திரும்பிய பின், பிணங்கள் கிடத்தப்பட்ட கூடத்தில் அவர் தனியே நின்று படிக்க நேர்ந்தது. மனம் தளராமல் 1896-ஆம் ஆண்டு பட்டம் பெற்று, இத்தாலியின் முதல் பெண் மருத்துவர் சிலருள் ஒருவராக விளங்கினார்.

தரையில் சிதறிய ரொட்டித் துணுக்குகள்

இளம் மருத்துவராகப் பணியாற்றிய காலத்தில், மனநோய் விடுதிகளுக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளையும் அங்கேயே அடைத்து வைத்திருந்தனர். ஒரு வெற்று அறையில் இருந்த பிள்ளைகள், உணவு முடிந்ததும் தரையில் விழுந்த ரொட்டித் துணுக்குகளைத் தேடித் தவழ்ந்தனர். காவல் செய்த பெண் அதை வெறும் பெருந்தீனி என்று இகழ்ந்தாள். மருத்துவரோ அறையைச் சுற்றிப் பார்த்தார். விளையாடுவதற்கோ பிடித்துப் பார்ப்பதற்கோ அங்கே ஒரு பொருளும் இல்லை. பிள்ளைகள் தேடியது உணவை அன்று, தங்கள் கைகளுக்கு ஒரு வேலையை என்பதை அவர் உணர்ந்தார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர்.

இந்த எண்ணத்தோடு அவர் பழைய நூல்களை நாடினார். இட்டார், செகான் என்னும் இரு பிரெஞ்சு மருத்துவர்கள், செவிப்புலனும் மனவளர்ச்சியும் குன்றிய குழந்தைகளுக்குப் புலன்களின் வழியே கற்பிக்க முயன்றிருந்தனர். அவர்களுடைய நூல்களை, அச்சு வருமுன் பெனடிக்டின் துறவியர் ஏடுகளைப் படியெடுத்ததைப் போல, அம்மையார் தம் கைப்படவே இத்தாலிய மொழியில் எழுதிப் படித்தார். கண்ணால் ஒருமுறை ஓட்டிச் செல்வதிலும் கையால் எழுதும்போது ஒவ்வொரு சொல்லும் மனத்தில் பதியும் என்பது அவர் நம்பிக்கை.

1900-ஆம் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுகள், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளின் பள்ளி ஒன்றை அவர் நடத்தினார். அப்பிள்ளைகளுள் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, மற்றக் குழந்தைகளோடு பொதுத் தேர்வு எழுதித் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரின் உள்ளத்திலோ வேறொரு கேள்வி எழுந்தது. இவர்களே இவ்வளவு தூரம் வர முடியுமானால், நல்ல உடல்நலமும் அறிவும் உள்ள பிள்ளைகளை நம் பள்ளிகள் ஏன் இந்த அளவிலேயே நிறுத்தி வைத்திருக்கின்றன?

மூவரசர் திருநாளில் பிறந்த பள்ளி

விடை காணும் வாய்ப்பு 1907-ஆம் ஆண்டு வந்தது. உரோமை நகரின் சான் லொரென்சோ என்னும் பகுதி வறுமைக்குப் பேர் போனது. அங்கே குடியிருப்புகளைப் புதுப்பித்த நிறுவனத்தாருக்கு ஒரு கவலை. தாய் தந்தையர் வேலைக்குச் சென்றபின் சிறு பிள்ளைகள் மாடிப்படிகளையும் சுவர்களையும் பாழாக்கினர். அவர்களை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஒருவர் தேவைப்பட்டார். அம்மையார் அப்பொறுப்பை ஏற்றார்.

சனவரி 6-ஆம் நாள், கீழ்த்திசை ஞானியர் மூவர் பாலன் இயேசுவைத் தேடி வந்த திருநாளன்று, குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. இருள் சூழ்ந்த உலகில் ஒளி உதிப்பதைக் கூறும் அன்றைய வழிபாட்டு வாசகத்தை அம்மையார் தம் உரையில் நினைவுகூர்ந்தார். எதிரே நின்றவர்களோ அழுத முகமும் அஞ்சிய கண்களுமாய் ஐம்பது அறுபது ஏழைக் குழந்தைகள். வயது மூன்று முதல் ஆறு வரை.

அம்மையார் போதிப்பதினும் கூர்ந்து நோக்குவதையே முதன்மையாகக் கொண்டார். மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையிலுள்ள குழிகளில் அவற்றுக்கேற்ற உருளைகளைப் பொருத்திக்கொண்டிருந்தாள். பொருத்தி முடித்ததும் மறுபடி எடுத்தாள், மறுபடி பொருத்தினாள். அம்மையார் எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிலும் பாடச் செய்தார். சிறுமியை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அவளோ உருளைகளை மடியில் அள்ளிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தாள். நாற்பது தடவைக்கு மேல் செய்துவிட்டு, நன்கு உறங்கி எழுந்தவள்போல முகமலர்ச்சியோடு நிமிர்ந்தாள். குழந்தைக்கு ஒருமுகப்பட்ட கவனம் இல்லை என்று பெரியோர் சொல்லி வந்த குறை அன்று பொய்யாயிற்று. கைக்கேற்ற வேலை கிடைத்தால் கவனம் தானே வருகிறது.

இந்தக் கட்டையில் ஒரு நுட்பம் உண்டு. ஓர் உருளையைத் தவறான குழியில் இட்டால், முடிவில் ஓர் உருளை இடமின்றி வெளியே நிற்கும். தவறு என்று ஆசிரியை சொல்ல வேண்டியதில்லை. பிரம்புக்கும் சிவப்பு மைக்கும் அங்கே வேலையில்லை. பிள்ளை தானே கண்டு, தானே திருத்திக்கொள்கிறது. பொறியியல் படிக்க விரும்பிய சிறுமியின் கைத்திறன் வீண்போகவில்லை.

மற்றொரு நாள் அம்மையார் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொள்வது எப்படி என்று பிள்ளைகளுக்கு வேடிக்கையாகச் செய்து காட்டினார். பாடம் முடிந்ததும் அவர்கள் கைதட்டி ஆரவாரித்தனர். அதுவரை அதற்காக அவர்கள் திட்டு மட்டுமே வாங்கியிருந்தனர்; பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தவர் ஒருவரும் இல்லை. இன்னொரு நாள் ஆசிரியை வருமுன்னே, பூட்டாமல் விட்ட அலமாரியைப் பிள்ளைகள் திறந்து, ஆளுக்கொரு பொருளை எடுத்து வேலை செய்துகொண்டிருந்தனர். அதைக் குற்றமென்று அவர் கருதவில்லை. பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில், பூட்டில்லாத தட்டுகளைச் செய்து வைத்தார்.

கை எழுதிய முதற்சொல்

வழவழப்பான அட்டையின் மேல் சொரசொரப்பான தாளில் வெட்டிய எழுத்துகளை ஒட்டி, அவற்றின்மேல் பிள்ளைகளின் விரலை ஓடவிட்டார் அம்மையார். நம் திண்ணைப் பள்ளிகளில் மணலைப் பரப்பி விரலால் எழுதப் பழக்கியதை இங்கே நினைத்துப் பாருங்கள். எழுத்தின் வளைவைக் கண் மறந்தாலும் விரல் மறப்பதில்லை. தமிழில் ஐ என்ற எழுத்தும் ழ என்ற எழுத்தும் எத்தனை வளைவு! அவற்றை முதலில் அறிந்துகொள்ள வேண்டியது விரல்நுனியே.

அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில் வெயில் இதமாக அடித்த ஒரு நாள், பிள்ளைகளோடு மாடியில் இருந்த அம்மையார், ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனிடம் சுண்ணக்கட்டி கொடுத்துப் புகைபோக்கியின் படத்தை வரையச் சொன்னார். வரைந்து முடித்ததும் அவனுக்கு முகம் மலர்ந்தது. தரையில் ஒரு சொல்லை எழுதினான். எழுதக் கற்றுக்கொண்டேன் என்று ஆனந்தத்தில் கூவினான். அவன் எழுதிய முதற்சொல்லுக்குப் பொருள் கை என்பதாகும். பிறகு புகைபோக்கி என்றும் கூரை என்றும் எழுதினான். மற்றப் பிள்ளைகளும் சுண்ணக்கட்டி கேட்டு ஓடி வந்து எழுதத் தொடங்கினர். எவரும் அவர்களை எழுது எழுது என்று வற்புறுத்தியதில்லை.

கன்னியர் மடத்திலே

1908 டிசம்பர் 28-ஆம் நாள் இத்தாலியின் மெசினா நகரைப் பெரும் பூகம்பம் அழித்தது. தாய் தந்தையரை இழந்த சிறுவர் சிறுமியர் உரோமை நகரில், மரியாயின் பிரான்சிஸ்கு மறைபரப்புக் கன்னியர் மடத்தில் அடைக்கலம் பெற்றனர். இச்சபை நம் தமிழகத்தின் உதகமண்டலத்தில் 1877-ஆம் ஆண்டு வேரூன்றியது என்பது நமக்குப் பெருமை. பேச்சிழந்து, உணவும் உறக்கமும் இன்றி வாடிய அக்குழந்தைகளுக்கு அருட்சகோதரிகள் அம்மையாரின் முறையில் வகுப்பு நடத்தினர். மேசை விரிப்பதும், உணவு பரிமாறுவதும், தோட்டத்தில் பாடுபடுவதுமாகச் சிறு கைகள் வேலையில் ஈடுபட்டன. நாளடைவில் பிள்ளைகள் முகத்தில் சிரிப்பு திரும்பியது. கல்வி துன்புற்ற உள்ளத்துக்கு மருந்துமாகும் என்பதை உலகம் கண்டது.

பின்னர் ஸ்பெயின் நாட்டின் பார்சலோனாவில் ஞானோபதேசத்தையும் அம்மையார் இவ்வாறே கற்பிக்கச் செய்தார். பிள்ளைகள் கோதுமை விதைத்து, திராட்சைக் கொடி வளர்த்து, திருப்பலிக்குரிய அப்பமும் இரசமும் எங்கிருந்து வருகின்றன என்பதைத் தங்கள் கைகளாலேயே அறிந்துகொண்டனர்.

ஒரு தாயின் துயரம்

உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் வழி கண்டவர் தம் சொந்த மகனைத் தம் மடியில் வளர்க்கும் பேறு பெறவில்லை. 1898-இல் பிறந்த மகன் மாரியோவை, மணவாழ்வு அமையாத நிலையில், அவர் கிராமத்தில் ஒரு குடும்பத்தாரிடம் விட்டு வைக்க நேர்ந்தது. அவ்வப்போது சென்று பார்த்துவருவார். மகனுக்கு ஏறத்தாழ 15 வயது ஆனபோதுதான் இருவரும் சேர்ந்து வாழ முடிந்தது. அதன்பின் மாரியோ தாயை விட்டுப் பிரியாமல் அவருடைய பணிக்குத் தோள் கொடுத்தார். ஆயினும் உலகின் முன் உறவினர் என்றும் வளர்ப்பு மகன் என்றுமே அவர் அறியப்பட்டிருந்தார்.

1930-களில் ஐரோப்பாவில் சர்வாதிகாரம் தலையெடுத்தது. தானே சிந்திக்கப் பழகிய பிள்ளைகளை அத்தகைய ஆட்சியாளர் விரும்புவார்களா? ஜெர்மனியில் மாண்டிசோரிப் பள்ளிகளை மூடினர். 1934-இல் அம்மையார் இத்தாலியை விட்டு வெளியேறினார். 1936-இல் ஸ்பெயினின் உள்நாட்டுப் போர் அவரை அங்கிருந்தும் துரத்தியது. ஹாலந்து நாடு புகலிடம் தந்தது.

அடையாற்றில் அன்னை

அந்நிலையில், பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணிதேவியும் அழைக்கவே, அம்மையாரும் மாரியோவும் சென்னைக்கு வந்தனர். நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் சுமார் 300 ஆசிரியர் அடையாற்றில் கூடினர். ஓலைக் கொட்டகைகள் எழுந்தன. அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார்.

1940 ஜூன் மாதம் இத்தாலி போரில் இறங்கியது. உடனே இருவரும் ஆங்கில அரசுக்குப் பகை நாட்டவர் ஆயினர். மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தனர். அம்மையார் அடையாறு வளாகத்தை விட்டு வெளியே செல்லத் தடை. அந்நிய நாட்டில், முதிய வயதில், மகனைப் பிரிந்த அந்தத் தாயின் மனநிலையை எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டு 31-ஆம் நாள் அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அன்று வைஸ்ராயிடமிருந்து தந்தி வந்தது. பிறந்தநாள் பரிசாக மகனை விடுவித்து அனுப்புவதாக அதில் கண்டிருந்தது. மகன் என்ற சொல் அத்தந்தியில் வெளிப்படையாகவே இருந்தது. நாற்பது ஆண்டுக்கு மேலாக மனத்தில் மறைத்து வைத்த உறவை, நம் சென்னை மண்ணில் அந்தத் தாய் தந்தியில் படித்தார்.

1942 முதல் 1944 வரை இருவரும் கொடைக்கானலில் தங்கினர். மலையும் ஓடையும் செடிகொடிகளும் அங்கே பாடநூல் ஆயின. உயிரினம் ஒவ்வொன்றும் மற்றொன்றைச் சார்ந்து வாழ்வதைத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகள் நேரில் கண்டு கற்கும் முறை அங்கேதான் உருவாயிற்று. 1946-இல் ஐரோப்பா சென்றவர் 1947-இல் மீண்டும் இந்தியா வந்து 1949 வரை பணியாற்றினார். இந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களுக்கு அவர் பயிற்சி அளித்தார். அவருடைய புகழ்பெற்ற நூல்களுள் ஒன்றான குழந்தையின் ஈர்க்கும் மனம் பற்றிய நூல் 1949-இல் அடையாற்றிலேயே அச்சேறியது.

1952-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள், ஹாலந்தின் கடற்கரை ஊராகிய நோர்ட்வைக்கில் அம்மையார் இறைவனடி சேர்ந்தார். அங்குள்ள கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் அவர் துயில்கிறார். மக்களிடையே சமாதானம் நிலவக் குழந்தைகள் தம்மோடு சேர்ந்து உழைக்க வேண்டும் என்ற வேண்டுகோள் அவருடைய கல்லறையில் பொறிக்கப்பட்டுள்ளது.

நம் வகுப்பறையும் அம்மையாரும்

இனி நம் வகுப்பறைக்கு வருவோம். 2003-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய செயல்வழிக் கற்றல் முறை, சில ஆண்டுகள் கழித்துத் தமிழகத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கெல்லாம் பரவியது. பாயில் வட்டமாக அமர்ந்து, அட்டைகளை எடுத்துத் தன் வேகத்தில் படியேறிய பிள்ளைகளையும், அவர்களுக்கு எட்டும் உயரத்தில் சுவரில் அமைந்த கரும்பலகைகளையும் கண்டவர்கள், சான் லொரென்சோவை நினைத்திருப்பர்.

பிறகு தொடுதிரையும் கணினியும் வந்தன. 2020-இல் கொள்ளைநோய் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டபோது பாடம் கைப்பேசிக்குள் புகுந்தது. திரும்பி வந்த சின்னஞ்சிறு பிள்ளைகள் சிலருக்குத் திரையைத் தள்ளும் விரல் விரைவாக இருந்தது. பென்சிலைப் பிடிக்கும் கை சீக்கிரம் சோர்ந்தது. இதைப் பெற்றோர் பலரும் வீட்டிலேயே கண்டிருப்பீர்கள்.

இதனால் கருவிகள் வேண்டா என்பது பொருளன்று. இதயம் துடிப்பதையும் கோள்கள் சுழல்வதையும் திரை காட்டுவதைப்போல் வேறெதுவும் காட்டாது. நம் பக்கத்திலே பூந்தமல்லியில், பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளி நெடுங்காலமாக இயங்கி வருகிறது. புடைத்த புள்ளிகளை விரல்நுனியால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தும் ஒரு தொழில்நுட்பமே. இன்று எழுத்தை உரக்கப் படித்துக் காட்டும் கணினியும் அத்தகையோருக்குத் துணை செய்கிறது. கருவி நல்லதா தீயதா என்று கேட்பதைவிட, அதன் முன்னே பிள்ளையின் கை வேலை செய்கிறதா, சும்மா இருக்கிறதா என்று கேட்பதே முறை.

அம்மையாரின் இளஞ்சிவப்புக் கோபுரத்தில் பத்துக் கனசதுரங்கள் உண்டு. மிகச் சிறியது 1 சென்டிமீட்டர் பக்கமுள்ளது. பெரியது 10 சென்டிமீட்டர். பெரியதைத் தூக்க இரண்டு கையும் வேண்டும். சிறியதை இரு விரலால் எடுக்கலாம். திரையிலும் இதே கோபுரத்தைக் கட்டலாம். ஆனால் அங்கே பெரியதும் சிறியதும் ஒரே கனம், அதாவது கனமே இல்லை. பத்தும் நூறும் ஆயிரமும் எவ்வளவு என்பதை மணிகளைக் கையில் ஏந்திய பிள்ளை பிறகு திரையில் பார்த்தால் புரிந்துகொள்ளும். கையில் ஏந்தாத பிள்ளைக்கு அவை வெறும் சுழியங்கள்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கையால் கற்கும் கல்வி பெரும் பொருட்செலவில் கிடைப்பது என்று எண்ண வேண்டா. அது பிறந்த இடம் ஏழைகளின் குடியிருப்பு. வீட்டிலுள்ள புளியங்கொட்டையும், பயறு வகைகளைப் பிரித்து வைக்கும் கிண்ணங்களும், தண்ணீர் ஊற்றப் பழகும் சிறு செம்பும், தாமே மாட்டிக்கொள்ளும் சட்டைப் பொத்தானும் போதும். நேரமாகிவிட்டது என்று நாம் பிடுங்கிச் செய்துவிடும் ஒவ்வொரு வேலையும், பிள்ளையின் கையிலிருந்து நாம் பறித்த ஒரு பாடம். பிள்ளைக்குப் பொத்தான் மாட்ட ஐந்து நிமிடம் ஆகலாம். அந்த ஐந்து நிமிடப் பொறுமைதான் அம்மையார் நம்மிடம் கேட்கும் காணிக்கை.

மாணவிகளே! பிணக் கூடத்தில் தனியே நின்று படித்த அந்த இளம்பெண்ணை நினைவில் வையுங்கள். உங்களுள் சிலர் ஆசிரியை ஆவீர்கள், சிலர் மருத்துவர் ஆவீர்கள், சிலர் கணினிக் கருவிகளை உருவாக்குவீர்கள், பலர் தாய்மார் ஆவீர்கள். எப்பணியில் இருந்தாலும் உங்கள் முன் ஒரு குழந்தை வந்து நிற்கும். தச்சுப் பட்டறையில் தம் கைகளால் உழைத்த இயேசு பிரானின் அருளால், அக்குழந்தையின் கைக்கு ஒரு நல்ல வேலையைக் கொடுத்து, அது தானே செய்து முடிக்கும் வரை காத்திருக்கும் பொறுமை உங்களுக்கு வாய்ப்பதாக.